பெயர் அறியாப் பெற்றோர்



ஆதியில் தம் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று அறிய விழைவது மக்கள் இயல்பு. எங்கள் குடும்பத்தில் அவ்வரலாறு கொள்ளுப்பாட்டனாரோடு நின்றுவிடுகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், பெற்றோரைப் பிரிந்த சிறுவராக அவர் மண்ணூர்பேட்டைக்கு வந்தார்; பிள்ளையில்லா உழவர் ஒருவர் அவரை மகனாக ஏற்று வளர்த்தார். இது வழிவழியாக எங்கள் வீட்டில் வழங்கும் செய்தி.

பணியினின்று ஓய்வு பெற்றபின், அவரைப் பெற்றவர்களைத் தேட முற்பட்டேன். நிலப் பத்திரங்களில் வளர்த்தவரே தந்தையாகக் காணப்படுகிறார். சொத்துரிமைக்கு அது போதும். பெற்ற தாயைக் குறிக்க அங்கு இடமில்லை. குடிக்கணக்கை நாடினேன். 1871, 1881 ஆகிய இரு கணக்குகளுக்கும் நடுவே பஞ்சம் வந்து போயிற்று. அச்சான அறிக்கைகளோ தலைகளை எண்ணின, பெயர்களைத் தரவில்லை. பிறப்பு இறப்புப் பதிவை நாடெங்கும் ஒரே சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது 1969ஆம் ஆண்டில்தான்.

இதற்கு மாறான ஒன்றையும் காண்மின். 1860ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குச் சென்றது. அவ்வழிச் சென்றோரின் பெயர், தந்தை பெயர், வயது, ஊர் ஆகியவை கப்பற் பட்டியல்களில் பதிவாயின. அதனால் இன்று டர்பனில் வாழும் கொள்ளுப்பேரர்கள் தம் பாட்டன் ஊரைத் தேடி இங்கு வர முடிகிறது. உழைப்பைக் கணக்கிட வேண்டியவர்கள் எழுதி வைத்தார்கள். பசித்த குழந்தையைத் தூக்கி எடுத்தவருக்கு எழுதும் தேவை எழவில்லை.

இக்காலத்தில் நிலைமை வேறு. 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு விதிகளின்படி, 18 வயது நிறைந்த தத்துப்பிள்ளை தம் பிறப்பின் மூலத்தை அறிய விண்ணப்பிக்கலாம். தம்மை வெளிப்படுத்த வேண்டாவெனப் பெற்றோர் கேட்டிருப்பின், அவர் இசைவும் வேண்டும். தேடுவோர் உரிமையும் ஈன்றவர் மானமும் ஒருங்கே காக்கப்படுகின்றன.

உறவினர் சிலர், "உயர்ந்த குடியிற் பிறந்தவர் என்று எழுதிவிடலாமே" என்றனர். நான் உடன்படவில்லை. சான்றின்றி ஒரு பெயரை அங்கு நிறுத்தினால், பஞ்சத்தில் தன் மகனை இழந்த தாயை நாமும் ஒருமுறை மறந்தவராவோம். ஆதலின், எங்கள் குடிவழிப் பட்டியலில் அவ்விரு பெயர்களுக்கும் உரிய இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். வளர்த்த தாய் தந்தையர் அதனால் சிறுமையுறார்.

மாணவர்களே, உங்கள் பாட்டிமார் பிறந்த ஊரையும் அவர்தம் தாயார் பெயரையும் இன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்ல வல்லவர் இருக்கும்போதே அதனைச் செய்தல் வேண்டும்.