நீலமில்லாக் கடல்



கவிதை பேசும் மேடையில் வீடியோ விளையாட்டு ஒன்றைப் பற்றிய உரை என்றதும் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அதுவும் குழந்தைகள் உள்ளங்கையில் ஏந்தி ஆடும் விளையாட்டு. ஆயினும், ஒரு பொருளின் நிறத்தைக் காட்ட வழியில்லாதபோது அப்பொருளை எவ்வாறு உணர்த்துவது என்னும் வினா கவிஞர்க்கு அன்றாட வினா. அதே வினா ஜப்பானிய விளையாட்டுக் கலைஞர் சிலர் முன்னும் நின்றது. அவர்கள் கண்ட விடையே இங்குப் பேசுபொருள்.

1995ஆம் ஆண்டு மார்ச் 21 அன்று ஜப்பானில் 'ஹோஷி நோ காபி 2' என்ற விளையாட்டு வெளிவந்தது. ஆங்கில உலகில் அதற்குக் 'கர்பிஸ் டிரீம் லேண்ட் 2' என்று பெயர். ஆக்கியது ஹால் ஆய்வகம், வெளியிட்டது நிண்டெண்டோ. கர்பி என்னும் உருண்டை உயிரி ஓடியும் தாவியும் மிதந்தும் இடையூறுகளைக் கடந்து செல்ல வேண்டும் என்பதே ஆட்டம். ஏழு நிலங்களுள் மூன்றாவது அலைநீர் நிலம். அங்கே கர்பி கடலுக்குள் இறங்குகிறான். மீன்கள் வருகின்றன, நீரோட்டம் தள்ளுகிறது. ஆனால் அந்தக் கடலில் நீலம் இல்லை.

இருக்க முடியாது என்பதே உண்மை. 1989 ஏப்ரலில் வெளிவந்த கேம் பாய் கருவியின் திரையில் அகலவாக்கில் 160 புள்ளிகள், உயரவாக்கில் 144 புள்ளிகள். நிறம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. பாசி படிந்த பச்சையில் வெளிறியது முதல் கருத்தது வரை நான்கே சாயல்கள். வானமும் அவற்றாலேயே, நீரும் அவற்றாலேயே.

இந்த வறுமை வேண்டுமென்றே மேற்கொள்ளப்பட்டது. கருவியை உருவாக்கிய குழுவின் தலைவர் யோகோய் கும்பேய், நன்கு பழகி விலை மலிந்த பழைய நுட்பத்தைப் புதிய வழியிற் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கை உடையவர். அதே காலத்தில் அட்டாரியின் லிங்க்ஸ் 1989லும் சேகாவின் கேம் கியர் 1990லும் வண்ணத் திரையோடு வந்தன. அவை ஆறு மின்கலங்களை விரைவில் தின்று தீர்த்தன. கேம் பாய் நான்கு மின்கலங்களில் நெடுநேரம் ஓடியது. அதுவும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து 11 கோடியே 80 இலட்சத்திற்கும் மேல் விற்றன. இச்சிக்கனத்தை ஹைக்கூ மரபோடு முடிச்சுப் போடும் ஆசை இந்த அவையில் எழுவது இயல்பே. அது வேண்டாம். மின்கலத்தின் விலையும் கருவியின் விலையுமே இங்குக் காரணம். கலை பின்னால் வந்து, கிடைத்த இடத்திற் குடியேறியது.

நீரை வரைய முடியாதபோது நீரை எங்கே தேடுவது? விடை கர்பி பிறப்பதற்கு முன்பே, வேறொரு விளையாட்டிற் கிடைத்திருந்தது.

1985 தொடக்கத்தில் நிண்டெண்டோவின் வீட்டுக் கருவியான ஃபாமிகாமில் 'பலூன் ஃபைட்' வெளிவந்தது. பலூன்களைக் கட்டிக்கொண்டு கைகளைச் சிறகெனத் தட்டி வானில் மிதக்கும் ஆட்டம் அது. கீழே நீர், தாழப் பறந்தால் பெருமீன் ஒன்று எழுந்து கவ்விக்கொள்ளும். அதற்கு நிரல் எழுதியவர் ஹால் ஆய்வகத்தின் இவாதா சடோரு. பின்னாளில் நிண்டெண்டோவின் தலைவராகி 2015இல் மறைந்தவர். அதே விளையாட்டு காசு போட்டு ஆடும் பெரிய பொறியிலும் இருந்தது. வியப்பு என்னவெனில், ஆற்றல் குறைந்த வீட்டுக் கருவியில்தான் அசைவு வழுவழுப்பாக இருந்தது. பெரிய பொறிக்கு நிரல் எழுதிய குழுவைச் சேர்ந்த நாகாகோ தோஷிஹிகோ இவாதாவிடமே வந்து காரணம் கேட்டார். பாத்திரம் நிற்கும் இடத்தை முழு எண்ணாகக் கணக்கிடாமல், பின்னத்தையும் சேர்த்துக் கணக்கிட்டதாக இவாதா விளக்கினார்.

இது சற்று நின்று நோக்கத்தக்கது. திரை முழுப் புள்ளிகளை மட்டுமே அறியும். அரைப் புள்ளி என்று ஒன்றை அதில் காட்ட இயலாது. ஒரு கணத்திற்கு ஒரு புள்ளி அல்லது இரண்டு புள்ளி என்று நகர்த்தினால் பாத்திரம் படிக்கட்டில் இறங்குவதுபோல் வெட்டி வெட்டிச் செல்லும். உள்ளே ஒன்றேகால் என்று கூட்டிக்கொண்டே வந்து, வெளியே முழு எண்ணை மட்டும் காட்டினால் நிலைமை மாறுகிறது. மூன்று முறை ஒவ்வொரு புள்ளி, நான்காம் முறை இரண்டு புள்ளி என்று நகர்வு அமைகிறது. கால் பங்கைக் கண் காண்பதில்லை. ஆனால் வேகம் சிறிது சிறிதாக ஏறுவதையும் தேய்வதையும் விரல் உணர்கிறது. 'நாடு' என்னும் சொல்லின் ஈற்று உகரம் ஏட்டில் முழு எழுத்தாகவே நிற்கிறது. ஒலிக்கும்போது அரை மாத்திரையாகக் குறுகுகிறது. யாப்பறிந்தோர்க்குக் குற்றியலுகரத்தின் அருமை தெரியும். இவாதாவின் பின்னம் அத்தகையது.

அந்த நுட்பம் 1985 செப்டம்பரில் வெளிவந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் நீரடிக் கட்டங்களுக்குச் சென்று சேர்ந்தது. பொத்தானைத் தட்டத் தட்ட மரியோ எழுகிறான். விட்டால் மெல்லத் தாழ்கிறான். எழுச்சிக்கும் தாழ்வுக்கும் இடையே உள்ள தயக்கந்தான் நீர். இசையமைத்த கோண்டோ கோஜி தம் பங்கிற்குத் தாளத்தையே மாற்றினார். நிலத்தில் நான்கின் நடையிற் செல்லும் இசை நீருக்குள் மூன்றின் நடைக்கு, மேலை நாட்டு வால்ட்ஸ் ஆட்டத்தின் தாளத்திற்கு மாறுகிறது. கண்ணை மூடிக்கொண்டாலும் நீருக்குள் இறங்கியாயிற்று என்று தெரிந்துவிடும். ஃபாமிகாமில் நீல நிறம் இருந்தது. இருந்தும் கடலைக் கடலாக்கியவை நீலத்தைவிட இந்தத் தயக்கமும் தாளமுமே.

கர்பி அதே ஹால் ஆய்வகத்தின் பிள்ளை. முதல் விளையாட்டு 1992 ஏப்ரல் 27 அன்று வெளிவந்தபோது அதனை வடிவமைத்த சகுராய் மசாஹிரோவுக்கு வயது 21. விளையாட்டிற் பழக்கமில்லாதவரும் இறுதிவரை சென்று சேர வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆகவே கர்பி காற்றை உள்ளிழுத்து மிதப்பான். பள்ளத்தில் விழப்போகிறவனுக்கு மீண்டும் எழ வழி உண்டு. அவன் உருவம் முதலில் இடம் நிரப்ப வைத்த தற்காலிகப் பொம்மை. வட்டம், இரு கண்கள், இரு பாதங்கள், அவ்வளவே. பின்னர் அதுவே போதும் என்றாயிற்று. அவன் நிறம் பற்றிக் கருத்து வேறுபாடும் இருந்தது. சகுராய் இளஞ்சிவப்பு என்று நினைத்திருந்தார். மியாமோடோ ஷிகெரு மஞ்சள் என்று நினைத்திருந்தார். அமெரிக்கப் பெட்டியின் மீது வெள்ளையாகவே அச்சாயிற்று. திரையில் நிறமே இல்லாததால் மூவர் கருத்துக்கும் அங்கே இடம் இருந்தது!

இரண்டாம் விளையாட்டை இயக்கியவர் ஷிமோமுரா ஷின்இச்சி. குறை சொல்வதானால், இதில் கர்பியின் நடை மந்தமானது, பொறுமையற்றவர்க்குச் சலிப்பூட்டும். ஆனால் கடலுக்குள் இறங்கும்போது அந்த மந்தமே பொருத்தமாகிவிடுகிறது.

நிலத்தில் கர்பியின் ஆற்றல் முழுவதும் அவன் வாயில் இருக்கிறது. பகைவரை உறிஞ்சி விழுங்குகிறான்; விழுங்கியவரின் திறனைத் தனதாக்கிக்கொள்கிறான். நெருப்பு, பனி, முள், கல், மின்பொறி, வெட்டுக் கத்தி, குடை என ஏழு திறன்கள். நீருக்குள் இவை எதுவும் தனியனான கர்பிக்கு உதவுவதில்லை. வாய் திறந்தால் உறிஞ்ச முடியாது. சிறிது நீரை உமிழலாம், அவ்வளவுதான். வல்லவன் ஒருவன் எல்லை கடந்ததும் எளியவனாகிறான். இங்கே கடல் வெறும் பின்னணி ஓவியமன்று; உயிரின் இயல்பையே மாற்றும் நிலம். திணைக் கோட்பாட்டில் ஊறியவர்க்கு இது புதிதன்று. முதற்பொருள் மாறினால் ஒழுக்கம் மாறும்.

அப்போதுதான் கைன் வருகிறான். இடைவழியில் ஒரு பகைவனை வென்றால் அவன் வைத்திருந்த பையிலிருந்து தோழன் ஒருவன் விடுபடுவான். நிலத்திற்கு ஒரு வெள்ளெலி, வானுக்கு ஓர் ஆந்தை, நீருக்குக் கைன் என்னும் சூரியமீன். கர்பி அதன் வாய்க்குள் ஏறி அமர்ந்துகொள்கிறான். விழுங்குவதையே தொழிலாகக் கொண்டவன் இங்கே இன்னொருவர் வாய்க்குள் பத்திரமாக இருக்கிறான். நீருக்குள் இழந்த ஏழு திறன்களும் கைனோடு சேர்ந்ததும் மீள்கின்றன. ஆனால் பழைய வடிவில் அல்ல. மின்பொறி கர்பியிடம் உடலைச் சூழும் பொறியாக இருந்தது. மீனின் வாயிலிருந்து அது மின்விளக்காக வெளிவருகிறது. தனியனைத் தள்ளிய நீரோட்டத்தையும் கைன் எதிர்த்து நீந்துகிறான்.

சூரியமீனைத் தேர்ந்ததில் ஒரு நுட்பம் உண்டு. ஜப்பானியர் அதனை மன்போ என்பர். எலும்புள்ள மீன்களில் மிகப் பெரியவை அதன் இனத்தவை. 2021 டிசம்பரில் அசோர்ஸ் தீவுகளருகே இறந்து மிதந்த ஒன்றன் எடை 2,744 கிலோகிராம். பெருமீன்தான், ஆனால் மற்ற மீன்களுக்குள்ள வால்துடுப்பு அதற்கில்லை. பின்புறம் யாரோ வெட்டியெடுத்தாற்போன்ற தோற்றம். முதுகுத் துடுப்பையும் அடித் துடுப்பையும் அசைத்து நீந்தும். சில வேளைகளில் கடல்மட்டத்தில் பக்கவாட்டில் சாய்ந்து வெயில் காயும். சுறாவையோ ஓங்கிலையோ கடற்தோழனாக்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அசட்டுத் தோற்றமுள்ள இந்த மீனைத் தேர்ந்தவர்கள் அதன் இயலாமையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். கரையேறினால் கைன் தத்தித் தத்தித்தான் செல்வான். அப்போது ஆடுகிற குழந்தைக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. தோழனை இங்கேயே விட்டுவிட்டு விரைந்து செல்வதா, அடுத்த நீர்நிலை வரும்வரை அவனோடு தத்திச் செல்வதா? விட்டுச் செல்வதற்குத் தண்டனை எதுவுமில்லை. இருந்தும் விட மனம் வராமல் பல குழந்தைகள் அவனை மேட்டிலும் சுமந்து திரிந்திருப்பார்கள்.

'கவாயீ' என ஜப்பானியர் சொல்லும் இந்த அழகை வெறும் சர்க்கரைப்பாகு என்று ஒதுக்குவோர் உண்டு. கடைப்பொருள் விற்கும் தந்திரமாக அது பல இடங்களில் இழிந்ததும் உண்மையே. கைனிடம் உள்ளது அதுவன்று. ஓரிடத்தில் வலியவன் வேறிடத்தில் தடுமாறுவதைக் காணும்போது சுரக்கும் பரிவு அது. குழந்தை தன் தடுமாற்றத்தையே அங்குக் காண்கிறது.

இவ்விளையாட்டின் மறைபொருள் ஒன்று எஞ்சியிருக்கிறது. ஏழு நிலங்களிலும் ஏழு வானவில் துளிகள் ஒளித்துவைக்கப்பட்டுள்ளன. கடலிலும் ஒன்று. அவற்றைத் திரட்டாமல் அரசன் டெடெடெயை வென்றால் கதை பாதியில் முடிந்துபோகும். 1994இல் வந்த சூப்பர் கேம் பாய் இணைப்பின் மூலம் தொலைக்காட்சியில் ஆடினால் திரைக்குச் சில வண்ணங்கள் கிடைக்கும். அழகிய சட்டமும் சுற்றி வரும். அங்கே துளிகளின் ஒளி ஏனோ சற்றுக் குறைந்தே தெரிகிறது. கையடக்கக் கருவியில் ஏழு துளிகளும் ஒரே சாம்பலாய் இருந்தன. ஏழையும் தேடிச் சேர்த்தவர்க்கு அவை ஏழு நிறங்களாகவே இருந்தன. அவ்வேழும் கூடி ஒரு வாளாகின்றன. அதை ஏந்திக் கர்பி தனியனாக வானேறுகிறான். எதிரே ஒற்றைக்கண் இருள் நிற்கிறது. நான்கு சாயல்களுள் மிகக் கருத்ததை அதற்குக் கொடுத்திருக்கிறார்கள்.