வீடு வந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் உடம்பு
(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கூரைத் தகடு, உலர் உணவு, கிணறு இறைத்தல், மிதிவெடி அபாயம் பற்றியெல்லாம் மற்றவர்கள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் உங்கள் உடம்பைப் பற்றியும் மனதைப் பற்றியும் கதைக்க வந்திருக்கிறேன்.

உங்களில் சிலர் 2006 இறுதியில் வாகரைப் பக்கமிருந்து காட்டு வழியாகவும் கடல் வழியாகவும் வந்தவர்கள். சிலர் 2007 மார்ச்சில் படுவான்கரையை விட்டு, வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தவர்கள். பலருக்கு இது முதல் தடவையுமல்ல. 1990ஆம் ஆண்டையும் 2004 டிசம்பர் 26ஆம் திகதியையும் கண்டவர்கள் நீங்கள். ஓடும்போது அழ நேரமிருக்கவில்லை. முகாமில் வரிசையில் நிற்பதிலேயே பொழுது போனது. இப்போது சொந்த வளவுக்கு வந்து, இரவில் பாயில் சாய்ந்தவுடன்தான் பலருக்கு நெஞ்சு படபடக்கிறது. நித்திரை வருவதில்லை. கதவு அடித்துச் சாத்தினாலே உடம்பு தூக்கிப்போடுகிறது. “ஊருக்கு வந்த பிறகு ஏன் இப்படி?” என்று கேட்கிறார்கள்.

இது பைத்தியமல்ல, கோழைத்தனமும் அல்ல. ஆபத்து வரும்போது உடம்பு தன்னைத் தயார் செய்கிறது. இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலே ஏறும், தசைகள் இறுகும், பசி அடங்கும். அதனால்தான் உங்களால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட முடிந்தது. அந்த ஆபத்து மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீடித்தால், போர் சத்தம் ஓய்ந்த பிறகும் உடம்பு இறங்கி வர மறந்துவிடும். கால் நின்றுவிட்டது, உடம்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் சனங்கள் மனக்கவலையை மனக்கவலை என்று சொல்வது குறைவு. “தலை இடிக்கிறது”, “நெஞ்சு நோகிறது”, “கை கால் உளைகிறது” என்றுதான் வைத்தியரிடம் சொல்வார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அந்த நோவு பொய்யல்ல. முதலில் வைத்தியசாலையில் காட்டுங்கள். பரிசோதித்து வேறு வருத்தம் இல்லையென்று சொன்னால், துக்கம் உடம்பு வழியாகக் கதைக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு வழியாக வந்த துக்கத்தை உடம்பு வழியாகவே ஆற்றவும் முடியும். பிராணாயாமம், சாந்தி ஆசனம், செபம், தியானம் போன்ற எங்களுடைய பழைய வழிகளைச் சிகிச்சையோடு சேர்க்க வேண்டுமென்று அவர் சொல்வதும் அதனால்தான்.

இன்றிரவே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். முதுகை நிமிர்த்தி இருங்கள். ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மனதுக்குள் நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சை எடுங்கள். வயிறு மெதுவாக உயரட்டும். ஆறு எண்ணும்வரை மூச்சை விடுங்கள். விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும், அப்போதுதான் இதயம் வேகம் குறையும். ஐந்து நிமிடம் போதும், காலையும் இரவும் செய்யுங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு, வழமைபோல் மூச்சு விடுங்கள்.

எண்ணிக்கை பிடிக்காதவர்கள் தங்கள் வேதப்படி செய்யலாம். முருகன் நாமமோ, திக்ரோ, ஜெபமாலையோ, எதுவானாலும் அமைதியாக, ஆறுதலாகச் சொல்லுங்கள். 2001இல் இத்தாலிய வைத்தியர்கள் சிலர் ஜெபமாலைச் செபத்தையும் ஒரு யோக மந்திரத்தையும் சொல்ல வைத்து மூச்சை அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு தடவையாகக் குறைந்தது. இதயத்தின் ஓட்டமும் சீரானது. எங்கள் ஆச்சிமார் அளக்காமலே செய்து வந்த காரியம் இது.

படுத்திருக்கும்போது காலிலிருந்து தலைவரை ஒவ்வொரு தசையாக இறுக்கி, ஐந்து எண்ணி, தளர்த்தி விடுங்கள். இறுக்கம் எது, தளர்வு எது என்று உடம்பு அப்போது மறுபடி படித்துக்கொள்ளும். சிலருக்குக் கண்ணை மூடினால் கண்டதெல்லாம் திரும்ப வரும். அவர்கள் கண்ணை மூட வேண்டாம். உள்ளங்காலை நிலத்தில் அழுத்தி, சுற்றிலும் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லுங்கள்: “தென்னை, வாளி, கோழி, வேலி, என் மகள்.” நான் இப்போது இங்கே இருக்கிறேன் என்று உடம்புக்குத் தெரியட்டும்.

ஒருவரையும் “நடந்ததைச் சொல், சொன்னால்தான் ஆறும்” என்று நெருக்காதீர்கள். கதைக்க விரும்பும்போது கேளுங்கள். விரும்பாதபோது பக்கத்தில் இருங்கள். வலை பின்னுவதும், தோட்டம் கொத்துவதும், சேர்ந்து சமைப்பதும் உடம்புக்கு ஆறுதல்தான். ஆனால் தோட்டமோ நடையோ, கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று அறிவித்த இடத்தில் மட்டும்.

பிள்ளைகள் கதையால் சொல்லமாட்டார்கள். நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்கும், தாயின் சீலையை விடமாட்டார்கள், சும்மா சும்மா சண்டை பிடிப்பார்கள். அடிக்க வேண்டாம், வெட்கப்படுத்தவும் வேண்டாம். மட்டக்களப்பில் 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவை உங்களில் சிலருக்குத் தெரியும். தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து களிமண் பிசைந்தார்கள், படம் கீறினார்கள், கதை கட்டி நடித்தார்கள். கைக்கும் காலுக்கும் விளையாட்டுக் கொடுத்தால் பிள்ளையின் மனம் தானாக வழி தேடும் என்பதற்கு அந்தப் பூங்கா ஒரு சாட்சி. உங்கள் வளவிலும் மண் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குப் பள்ளிக்கூடம், பின்னேரத்தில் விளையாட்டு, இரவில் ஒரு கதை. இந்த ஒழுங்கு பிள்ளைக்கு மருந்து.

காணாமல் போனவர்களின் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் துக்கத்துக்கு முடிவு நாள் இல்லை. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் காரியம் செய்யவும் முடியாது, விடவும் முடியாது. 1990களில் மட்டக்களப்பில் ஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், அம்மன் கோயில்களில் தெய்வம் ஆடுபவர்களிடம் தாய்மார் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டு அழுததை எழுதியிருக்கிறார். வெளியில் வாய் திறக்கப் பயந்த காலத்தில் அழுவதற்குக் கிடைத்த இடம் அது. நேர்த்தி வைப்பதோ, துஆ கேட்பதோ, மெழுகுதிரி ஏற்றுவதோ, வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திக்குப் போவதோ பிழையல்ல. கூடி நின்று அழுதால் பாரம் பங்கிடப்படும். “இன்னும் ஏன் காத்திருக்கிறாய்?” என்றோ, “இனி வெள்ளைச் சீலை கட்டு” என்றோ அயலவர் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஆண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கசிப்பும் சாராயமும் முதல் மணித்தியாலத்தில் நித்திரை தரும், பிறகு அதைப் பறிக்கும். பயம் கோபமாக மாறி மனைவி பிள்ளைகள் மேல் விழும். படபடப்பு வரும்போது வளவில் நடவுங்கள், முகம் கழுவுங்கள், மூச்சை நீளமாக விடுங்கள். குடித்துத்தான் நித்திரை என்றால் உதவி தேவை என்று அர்த்தம்.

மூச்சுப் பயிற்சி எல்லாவற்றையும் மாற்றாது. ஒரு மாதத்துக்கு மேலாக நித்திரையும் சாப்பாடும் இல்லை, வேலை செய்ய முடியவில்லை, இல்லாத குரல் கேட்கிறது, கண்டதெல்லாம் பகலிலும் கண்முன் வருகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அல்லது மட்டக்களப்பு வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். குளிசை தந்தால் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்; நேர்த்தியும் குளிசையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. “செத்தால் நல்லது” என்று ஒருவர் சொன்னால் அதைப் பகிடியாக எடுக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள். வயலுக்கு வாங்கிய கிருமிநாசினியை எப்போதும் பூட்டி வையுங்கள். திறப்பு வேறு ஒருவரிடம் இருக்கட்டும். ஒரு பூட்டு ஓர் உயிரைக் காக்கும்.

வீட்டுக்குக் கூரை போடக் காலம் எடுக்கும். உடம்புக்குப் பயம் தெளியவும் காலம் எடுக்கும். இரண்டையும் ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. இன்றிரவு விளக்கை அணைக்கு முன் குடும்பமாக இருந்து பத்து மூச்சு ஒன்றாக விடுங்கள். நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள்.