கீழ்முதுகின் அஞ்சு எலும்புகள்

1998-ல ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்த இருங்காட்டுக்கோட்டையில, ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ் ஏறுற பலரோட கை தன்னால போறது கீழ்முதுகுக்குத்தான்.

அங்க 5 எலும்புகள் இருக்கு. டாக்டர்கள் எல்1 முதல் எல்5 வரைன்னு சொல்வாங்க. மேல்உடம்பின் பாரம் இவை மேலதான் இறங்குது; அதனால முதுகெலும்புகள்லயே இவைதான் பெருசு. நடுநடுவுல டிஸ்க். வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே ஜெல். குனிஞ்சு பாரம் தூக்கும்போது டிஸ்க்கின் முன்பக்கம் நசுங்கும், ஜெல் பின்னால தள்ளப்படும். பின்னாலதான் நரம்பு இருக்கு. டிஸ்க் பிதுங்குறது பெரும்பாலும் எல்4-க்கும் எல்5-க்கும் நடுவுல, இல்லன்னா எல்5-க்குக் கீழ.

லேப்டாப் முன்னாடி கூன் போட்டு உக்கார்ற நமக்கும் இதே டிஸ்க்தான். அதுக்கு நேரடி ரத்த ஓட்டம் கிட்டத்தட்ட கிடையாது. பக்கத்து எலும்புலேர்ந்து சத்து ஊறி வரணும். அசைவு அதுக்கு உதவும். அதனால அடிக்கடி எழுந்து நடங்க. பாரத்தை உடம்போட ஒட்டிப் பிடிச்சு, முழங்காலை மடக்கித் தூக்குங்க.

முதுகுவலியோட தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் போக முடியலைன்னாலோ, அடக்க முடியலைன்னாலோ, உடனே எமர்ஜென்சிக்குப் போங்க. மாத்திரை போட்டுட்டு அடுத்த ஷிப்டுக்குப் போகாதீங்க.