பந்தயம் முடிந்த பிறகும் நாம் சகோதரர்கள்

(நமது அறக்கட்டளை நடத்தும் இளைஞர் கால்பந்துப் போட்டிக்கு முந்தைய நாள் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



 

நாளை அஸர் தொழுகைக்குப் பிறகு முதல் ஆட்டம் தொடங்குகிறது. விளையாடுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. அவர்களுக்கு நடுவர் இருக்கிறார், மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் இருக்கின்றன. கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறவர்களுக்குத்தான் நடுவர் கிடையாது. ஆகவே இன்று அவர்களோடுதான் பேச்சு.

விளையாட்டு கூடாது என்று சொல்ல வரவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். ஒரு முறை அன்னையார் முந்தினார்கள். பின்னொரு முறை பெருமானார் முந்தி, அன்றைக்கு இன்று சரியாகிவிட்டது என்ற பொருளில் அன்போடு சொன்னார்கள்.

பெருமானாரிடம் அள்பா என்றொரு ஒட்டகம் இருந்தது. அதை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒரு நாள் கிராமத்து அரபி ஒருவர் தம்முடைய இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது பெரிய மனவருத்தமாகப் போயிற்று. அது அவர்களின் முகத்திலேயே தெரிந்தது. பெருமானார் என்ன செய்தார்கள்? உலகில் உயர்ந்து நிற்கும் எதையும் அல்லாஹ் ஒரு நாள் தாழ்த்தாமல் விடுவதில்லை என்று விளக்கினார்கள். கவனியுங்கள், ஒட்டகத்தின் சொந்தக்காரர் வருந்தவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவர்கள்தான் வருந்தினார்கள். அந்த வருத்தத்தை அவர்கள் பகையாக வளர்க்கவில்லை. 

இதற்கு நேர்மாறான ஒன்று ஜாஹிலிய்யாக் காலத்தில் நடந்தது. தாஹிஸ், கப்ரா என்ற இரண்டு பந்தயக் குதிரைகளை வைத்து அப்ஸ், துப்யான் கோத்திரத்தார் மோதிக்கொண்டார்கள். பந்தயத்தில் செய்த ஒரு சூழ்ச்சியில் தொடங்கிய சண்டை 40 ஆண்டுகள் நீடித்ததாக அரபு மரபு சொல்கிறது. இரண்டும் உறவு கொண்ட கோத்திரங்கள்.

அது ஜாஹிலிய்யாக் காலம் என்று நாம் விட்டுவிட முடியாது. எகிப்தில் போர்ட் சயீத் நகரில் 2012 பிப்ரவரி 1 அன்று அல்-மஸ்ரி அணியும் கெய்ரோவின் அல்-அஹ்லி அணியும் ஆடின. உள்ளூர் அணியான அல்-மஸ்ரி 3-1 என்று வென்றது. வென்ற அணியின் ரசிகர்களே மைதானத்துக்குள் பாய்ந்து எதிரணி ரசிகர்களைத் தாக்கினார்கள். 74 பேர் இறந்தார்கள். போலீசார் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பின்னணியில் அரசியல் இருந்தது என்றெல்லாம் பேசப்பட்டது. இருக்கலாம். ஆனால் கையை ஓங்கியது யாருடைய கை? பல ஆண்டு வழக்குக்குப் பிறகு, 2017-இல் 10 பேருக்கு மரண தண்டனை உறுதியானது. மைதானத்தில் பிள்ளைகளை இழந்த தாய்மாரும் முஸ்லிம்கள், நீதிமன்ற வாசலில் அழுத தாய்மாரும் முஸ்லிம்கள்.

இந்தோனேசியாவின் மலாங் பகுதியில், 2022 அக்டோபர் 1 அன்று, அரேமா அணி சுரபாயாவின் பெர்சிபயா அணியிடம் 3-2 என்று தோற்றது. இரு தரப்புக்கும் பகை முற்றிப் போயிருந்ததால் பெர்சிபயா ரசிகர்களுக்கு டிக்கெட்டே தரப்படவில்லை. தோல்வி பொறுக்காமல் சிலர் மைதானத்தில் இறங்கினார்கள். போலீசார் கண்ணீர்ப் புகை வீசினார்கள். வாசலில் நெரிசல். 135 பேர் போய்விட்டார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. எதிரணி ரசிகர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். பகை மட்டும் உள்ளே வந்து சொந்தப் பிள்ளைகளையே கொண்டுபோயிற்று.

அதே மாதம் நம் தமிழ்நாட்டில், அரியலூர் மாவட்டத்தில், கிரிக்கெட் வீரர்களை ஒப்பிட்டுப் பேசிய பேச்சு கேலியாகி, கேலி சண்டையாகி, நண்பர்கள் இருவரில் ஒருவர் கொல்லப்பட்டார், மற்றவர் கைதானார். கேலி செய்யாதீர்கள், பட்டப்பெயர் சூட்டாதீர்கள் என்று சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

அணிக்குப் பெயர் இருப்பது தப்பா? அந்தப் பெயரைச் சொல்லிச் சந்தோஷப்படுவது தப்பா? இல்லை. முஹாஜிர், அன்ஸார் என்பவை அல்லாஹ்வே புகழ்ந்த பெயர்கள். ஆனால் ஒரு பயணத்தில் முஹாஜிர் ஒருவருக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் தகராறு வந்தபோது, இருவரும் தத்தம் கூட்டத்தைக் கூவி அழைத்தார்கள். அதைப் பெருமானார் ஜாஹிலிய்யாவின் அழைப்பு என்றார்கள். அது நாற்றமடிப்பது, விட்டுவிடுங்கள் என்றார்கள். நயவஞ்சகர்களின் தலைவன் அந்தச் சந்தர்ப்பத்தைப் பிடித்துக்கொண்டு முஸ்லிம்களைப் பிரிக்கப் பார்த்தான். அவ்வளவு உயர்ந்த பெயரே சகோதரனுக்கு எதிராகக் கூவப்பட்டால் நாறும் என்றால், நம் தெருவின் பெயரும் கிளப்பின் பெயரும் எம்மாத்திரம்?

நம் ஊருக்கு வருவோம். போன ஆண்டு இறுதி ஆட்டத்துக்குப் பிறகு தோற்றவர்களின் தெரு வழியாகப் பட்டாசு வெடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அங்கே ஒரு வீட்டில் நோயாளி படுத்திருந்தார். வாய்ச்சண்டை கைகலப்பாகி, இரு தரப்பிலும் வழக்குப் பதிவானது. அதில் ஒரு தம்பிக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது. வழக்கு நிலுவையில் இருப்பதால் பாஸ்போர்ட் புதுப்பிக்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்றார்கள். வாப்பா இல்லாத பிள்ளை. உம்மா எத்தனை முறை அலுவலகப் படி ஏறினார் என்று எனக்குத் தெரியும். அனுமதி வருவதற்குள் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அன்று அவனைத் தூண்டிவிட்டவர்களில் ஒருவரும் அவன் வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுக்கவில்லை. இன்னும் மச்சான் முறையாகும் இருவர், எட்டு மாதமாகச் ஸலாம் சொல்லாமல் ஒரே ஸஃப்பில் நின்று தொழுகிறார்கள். மூன்று நாளுக்கு மேல் சகோதரனோடு பேசாமலிருப்பது ஆகுமானதல்ல என்பதை இருவரும் மதரஸாவில் படித்தவர்கள்தான்.

ஆகவே இந்த ஆண்டு அறக்கட்டளை சில ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. கோப்பை மைதானத்திலேயே வழங்கப்படும். ஊர்வலமும் பட்டாசும் கிடையாது. ஒவ்வொரு கிளப்பும் தன் ரசிகர்களுக்குப் பொறுப்பாக இரண்டு பெரியவர்களின் பெயரைத் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் எதிரணியையோ ஒருவர் குடும்பத்தையோ இழிவாகப் போடுகிறவர்களை அந்தப் பெரியவர்கள் கூப்பிட்டுப் பேசுவார்கள். ஆட்டத்தின் மேல் பணம் கட்டுவது ஹராமான சூதாட்டம். அது நடந்தால் அந்த அணியின் ஆட்டம் நிறுத்தப்படும். இறுதி ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் சேர்ந்து மஃரிப் தொழுது, ஒரே ஸஹனில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தோற்று வரும் பிள்ளையிடம் எதிரணியைத் திட்டிப் பேசாதீர்கள். உங்கள் கோபம் வீட்டில் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும். பிள்ளை அதைத் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போவான்.

அந்த மச்சான்மார் இருவரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். முதலில் ஸலாம் சொல்கிறவரே சிறந்தவர் என்பதும் நம் பாடம்தான். நாளை ஆட்டம் தொடங்குமுன் உங்களில் யார் முந்தப் போகிறீர்கள் என்று பார்ப்பதற்காகவே நான் சீக்கிரம் வருவேன்.

நம் பிள்ளைகளுக்கு உடல் வலுவையும் நாவடக்கத்தையும், நம் உள்ளங்களில் ஒற்றுமையையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.