ஒரு சொல்லும் ஓர் ஊசி மருந்தும்



ஈளை, இரைப்பு, இழுப்பு எனப் பல சொற்கள் நம் மொழியில் வழங்கின. இன்று அனைத்தையும் ஆஸ்துமா என்னும் ஒரே சொல்லுள் அடக்கிவிட்டோம். பெயர் ஒன்றாயின் நோயும் ஒன்றே என்று கொள்வது எத்துணை இடர் தரும் என்பதற்கு, மெபோலிசுமாப் என்னும் ஊசி மருந்தின் வரலாறே சான்று.

குருதியின் வெள்ளணுக்களுள் இயோசினோபில் என்பது ஒரு வகை. ஆஸ்துமா நோயாளருள் சிலருக்கு இவ்வணுக்கள் மூச்சுக்குழாயில் திரண்டு அழற்சியை உண்டாக்குகின்றன. அவற்றை வளர்க்கும் புரதம் இன்டர்லூக்கின்-5. அப்புரதத்தைப் பற்றிச் செயலிழக்கச் செய்வதே இம்மருந்து. 2000ஆம் ஆண்டில் லேசான ஆஸ்துமா உடையோரிடம் சோதித்தபோது அணுக்கள் குறைந்தன; மூச்சுக்குழாய்ச் சுருக்கமோ குறையவில்லை. 2007இல் வெளிவந்த, 362 பேர் பங்குகொண்ட சோதனையும் எதிர்பார்த்த பயனைக் காட்டவில்லை. மருந்து தோற்றது என்றே பலரும் எண்ணியிருப்பர்.

ஆனால், அச்சோதனைகளில் சேர்ந்தோர் ஆஸ்துமா என்னும் பெயரால் தெரிவு செய்யப்பட்டவர்கள். இயோசினோபில் மிகுதியைக் கொண்டு அல்லர். இங்கிலாந்தின் லெஸ்டர் நகர ஆய்வாளர்கள் சளியைச் சோதித்து, அவ்வணுக்கள் மிகுந்த 61 பேரைத் தேர்ந்தனர். அவர்கள் எண்ணியது கடுமையான மூச்சுத்திணறல் எத்தனை முறை வந்தது என்பதை. 2009இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டில் மருந்து பெற்றோர்க்குச் சராசரி 2.0 முறை, பெறாதோர்க்கு 3.4 முறை. மூச்சின் அளவு பெரிதாக மாறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2014இல் வெளிவந்த பெருஞ்சோதனையில் 576 பேர். முந்தைய ஆண்டில் இருமுறையேனும் கடுந்திணறலுக்கு ஆளானோர் மட்டுமே சேர்க்கப்பட்டனர். வழக்கமான மருந்துகளை எவரும் நிறுத்தவில்லை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை சிலருக்கு மருந்தும் சிலருக்கு மருந்துப்போலியும் செலுத்தினர் (போலி என்பது இங்கு இழிசொல் அன்று, நேர்மையின் கருவி). எவருக்கு எது என்பதை நோயாளரும் அறியார், மருத்துவரும் அறியார். மருந்துப்போலி பெற்றோர்க்கு ஆண்டுக்கு 1.74 முறை திணறல் வந்தது. அவர்களுக்கும் முன்னைவிடக் குறைந்திருப்பதைக் கவனியுங்கள்! அவர்களோடு ஒப்பிடாமல் இருந்திருந்தால், அக்குறைவும் மருந்தின் கணக்கிலேயே சேர்ந்திருக்கும். தோலடியில் மருந்து பெற்றோர்க்கு 0.83.

2015 நவம்பரில் அமெரிக்கா இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. இதைப் பரிந்துரைக்குமுன் மருத்துவர் இன்று குருதியில் இயோசினோபில் எண்ணிக்கையைப் பார்க்கின்றார். அது மிகாதோர் இவ்வூசியால் பெறும் பயன் சிறிதே. அவர்களையும் நாம் ஆஸ்துமா நோயாளர் என்றே அழைத்துவருகிறோம்.