சூடு எங்கேன்னு முதல்ல பாருங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் மசாலா அரைவைக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. "உங்க குழு மெஷின் சூடாகி நின்னப்போ என்ன செஞ்சீங்களோ அதை மட்டும் சொல்லும்மா, போதும்" என்று தலைவி அக்கா சொன்னாங்க. அந்தத் தைரியத்தில்தான் வந்திருக்கேன். நம்ம குழுக்களில் பல பேரிடம் மெஷின் இருக்கு. மாவு மில், மசாலா மில், பாக்குமட்டைத் தட்டு மெஷின், கிரைண்டர், தையல் மோட்டார் எல்லாமே கரண்டில்தான் ஓடுது. அதனால் இது எல்லாருக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

எங்கள் குழு வங்கிக் கடனில் 2 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் வைத்த மசாலா மில் வாங்கியது. மிளகாய், மல்லி, மஞ்சள், சத்துமாவு அரைத்துத் தருகிறோம். நாலு பேர் முறை வைத்து வேலை பார்க்கிறோம். அதில் ஒரு அக்காவுக்கு இந்தக் கூலியை விட்டால் வேறு வருமானமே கிடையாது.

நல்லா ஓடிக்கிட்டிருந்த மெஷின் ஒரு கோடையில் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. அரை மணி நேரம் ஓடினால் கருகல் வாடை வரும். மோட்டார் கிட்டே நிற்க முடியாத அளவுக்கு அனல் அடிக்கும், அப்புறம் தானாக நின்னுடும். டவுனில் இருந்து வந்த மெக்கானிக் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய் ரீவைண்டிங் செய்து கொடுத்தார். இரண்டு மாசம்தான் ஆச்சு, மறுபடியும் அதே வாடை. "மோட்டாரே போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரக் கூட்டத்தில் பெரிய பேச்சு. கடன் தவணை இன்னும் பாக்கி இருக்கு. மறுபடி கடன் வாங்கி மோட்டார் போடலாம் என்று சிலர் சொன்னாங்க. வந்த விலைக்கு மெஷினைத் தள்ளிவிட்டுக் கடனை அடைத்திடலாம் என்று சிலர் சொன்னாங்க. அந்த அக்கா மட்டும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாங்க. கடைசியில் அவங்கதான் ஒரு கேள்வி கேட்டாங்க: "காயில் புதுசு. புதுக் காயில் ரெண்டு மாசத்துல ஏன் கருகணும்? அது கருகுறதுக்கு வேற ஏதோ காரணம் இருக்கணும்ல?"

அந்தக் கேள்விதான் எங்கள் மெஷினைக் காப்பாற்றியது. எங்க ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் மோட்டாரைத் தொடவே இல்லை. "கரண்டு எந்த வழியா வருதோ அந்த வழியிலேயே நாமும் நடந்து வரலாம்" என்று மீட்டர் போர்டில் இருந்து ஆரம்பித்தார்.

முதலில் மெஷினை ஓட்டாமல் வோல்ட் பார்த்தார். மீட்டர் போர்டிலும் 228, மில் பக்கத்து சாக்கெட்டிலும் 228. எல்லாம் சரியாக இருக்குன்னுதான் நாங்க நினைச்சோம். "இப்போ மிளகாய் போட்டு ஓட்டுங்க" என்றார். ஓடும்போது மீட்டர் போர்டில் அதே 228. மில் பக்கத்தில் 200. வழியிலேயே 28 வோல்ட் காணாமல் போயிருக்கு! கிளாம்ப் மீட்டர் என்று ஒன்று, வயரைச் சுற்றிக் கவ்விப் பிடித்து எத்தனை ஆம்பியர் போகுதுன்னு காட்டும். அதில் 14 காட்டியது. மோட்டார் தகட்டில் 12 என்றுதான் போட்டிருக்கு.

இதை அவர் சொன்ன மாதிரியே சொல்றேன். மிளகாய் அரைக்க இவ்வளவு பலம் வேணும்னு ஒரு கணக்கு இருக்கு. வோல்ட் குறைஞ்சா மோட்டார் வேலையைக் குறைச்சுக்காது. அந்தக் குறையை ஈடு கட்ட ஆம்பியரைக் கூட இழுக்கும். ஆம்பியர் கூடினா காயில் சூடாகும். அதுவும் ஒன்றுக்கு ஒன்று கூடாது. ஆம்பியர் இரண்டு மடங்கு ஆனால் சூடு நாலு மடங்கு ஆகும்.

அப்போ அந்த 28 வோல்ட் எங்கே போச்சு? வழியில் சூடாகப் போச்சு. 28 வோல்ட்டை 14 ஆம்பியரால் பெருக்கினால் கிட்டத்தட்ட 400 வாட். அவ்வளவும் வயரையும் சாக்கெட்டையும் காய்ச்சிக்கிட்டு இருந்திருக்கு. அதற்கும் சேர்த்துத்தான் நாம கரண்டு பில் கட்டினோம்.

மெயினை ஆஃப் செய்து பார்த்தபோது இரண்டு காரணம் கிடைத்தது. வீட்டு மீட்டரில் இருந்து மில் கொட்டகைக்கு வந்த வயர் மெல்லிசான அலுமினிய வயர், நீளம் 40 மீட்டர். நடுவில் செப்பு வயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தது. அலுமினியத்தையும் செப்பையும் அப்படி முறுக்கிவிட்டால் நாளாக நாளாக இணைப்பு தளர்ந்து போகும், களிம்பு ஏறும். இரண்டாவது, சாக்கெட்டுக்குள் இருக்கிற தகடு லூசாகி, பிளக் ஆடிக்கொண்டிருந்தது. துளையைச் சுற்றி பழுப்பு நிறத்தில் கருகல். லூஸ் கனெக்‌ஷனில் அரை ஓம் தடை இருந்தாலே, 14 ஆம்பியர் போகும்போது 100 வாட் சூடு கிளம்பும். ஒரு 100 வாட் குண்டு பல்பை சாக்கெட்டுக்குள்ளே எரியவிட்ட மாதிரி. பக்கத்தில் ஓலைத் தட்டி, மிளகாய்ச் சாக்கு. மோட்டார் போனால் காசோடு போச்சு. தீப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க.

மீட்டர் போர்டில் இருந்து நேராக 4 ஸ்கொயர் எம்.எம். செப்பு வயர், மில்லுக்குத் தனி எம்.சி.பி., புது சாக்கெட், எர்த். அவ்வளவுதான் வேலை. ஆன செலவு புது மோட்டார் விலை பக்கத்தில்கூட வரவில்லை. அதற்குப் பிறகு ஓடும்போது மில் பக்கத்தில் 224 வோல்ட், 11 ஆம்பியர். கருகல் வாடை இல்லை. அதே பழைய மோட்டார்தான் இன்றைக்கும் ஓடுது.

இனி உங்கள் மெஷின் சூடானால் எப்படிப் பார்ப்பது என்று சுருக்கமாகச் சொல்றேன்.

ஒன்று, சூடு எங்கே என்று பாருங்க. கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, மெயினை ஆஃப் செய்து, காய்ந்த கையோடு, செருப்பு போட்டுக்கொண்டு, முதலில் பிளக், அப்புறம் வயர், அப்புறம் சுவிட்சு பெட்டி, கடைசியில் மோட்டார் என்று புறங்கையால் தொட்டுப் பாருங்க. பிளக் சுட்டால் கோளாறு வழியில் இருக்கலாம். மோட்டார் மட்டும் கொஞ்சம் சுட்டால் பயப்பட வேண்டாம். நல்ல மோட்டாரிலும் ரொம்ப நேரம் கை வைக்க முடியாது. நேற்றைக்கு இருந்ததைவிட இன்றைக்குக் கூடுதலா என்பதுதான் கணக்கு.

இரண்டு, மோட்டார் பின்பக்கம் விசிறி மூடியைப் பாருங்க. மாவும் தூசியும் அடைத்தால் காற்று போகாது. மெஷின் நின்ற பிறகு பிரஷால் தட்டிவிடுங்க. தண்ணீர் ஊற்றக் கூடாது. வெயிலுக்கு என்று சாக்கைப் போட்டு மோட்டாரை மூடியும் ஓட்டக் கூடாது.

மூன்று, சரக்கைப் பாருங்க. ஈர மிளகாய் சல்லடையை அடைக்கும், மோட்டார் திணறும், தூளும் நிறம் மாறும். நல்லாக் காய்ந்ததை மட்டும் வாங்குங்க. சரக்கு உள்ளே கிடக்கும்போது சுவிட்சு போடாதீங்க. கிளம்பும்போது மோட்டார் ஓடுவதைவிடப் பல மடங்கு ஆம்பியர் இழுக்கும். வேகம் பிடித்த பிறகு சரக்கைப் போடுங்க. அடிக்கடி நிறுத்தி நிறுத்திப் போட வேண்டாம்.

நான்கு, பெல்ட். ரொம்ப இறுக்கினால் பேரிங் காயும், ரொம்பத் தளர்ந்தால் வழுக்கி ரப்பர் வாடை வரும். மெயினை ஆஃப் செய்துவிட்டு நடுவில் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு விரல் கனம் உள்ளே போகணும்.

ஐந்து, சுவிட்சு போட்டதும் ஓடாமல் உம்மென்று முனகினால் உடனே ஆஃப் செய்திடுங்க. கெப்பாசிட்டர் பலம் இழந்திருக்கலாம். ஆனால் அதை நாம் தொடக் கூடாது. கரண்டை நிறுத்தின பிறகும் அதில் ஷாக் அடிக்கிற அளவுக்கு மிச்சம் இருக்கும். மூடியைத் திறக்கிற வேலை எதுவானாலும் எலக்ட்ரீஷியனை விட்டுத்தான். கூடவே நின்று கேளுங்க. அவங்களும் சொல்லித் தருவாங்க.

மீட்டர் போர்டிலேயே வோல்ட் குறைவாக வந்தால் அது வெளியில் இருந்து வருகிற குறை. தேதி, நேரம், வோல்ட் மூன்றையும் ஒரு வாரம் நோட்டில் எழுதி, அதோடு மின்வாரிய அலுவலகத்தில் மனு கொடுங்க. சும்மா "லோ வோல்டேஜ்" என்று சொல்வதைவிட அந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம். வரவு செலவு எழுதத் தெரிந்த நமக்கு இது ஒரு கஷ்டமா?

கூட்டமைப்புக்கு இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். ஒரு கிளாம்ப் மீட்டர் வாங்கிக் கூட்டமைப்பு அலுவலகத்தில் வைத்தால், எலக்ட்ரீஷியன் வருகிற அன்றைக்குக் குழுக்கள் முறை வைத்து எடுத்துக்கொள்ளலாம். மெஷின் வைத்திருக்கிற குழுக்களுக்கு வருஷம் ஒருநாள் பாதுகாப்புப் பயிற்சி நடத்தணும். இரண்டையும் தீர்மானமாகப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

"பொம்பளைங்களுக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்" என்று பேசுகிறவர்கள் இன்னும் இருக்காங்க. அடுப்புச் சூட்டைக் கையால் அறிந்து, தாளிப்பு கருகுவதை மூக்கால் அறிந்து வளர்ந்தவங்க நாம். அதே கையும் மூக்கும் மெஷினுக்கும் உதவும். யாராவது "புதுசு வாங்குங்க" என்று சொன்னால், எங்க அக்கா கேட்ட மாதிரி "ஏன் கருகுது?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு அப்புறம் பணத்தை எடுங்க.