கட்டுத்தறிக்கு வராத கேமரா

(புதுக்கோட்டையில் நடந்த மாவட்டச் செயல்வீரர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை. நேரில் வர முடியாத உறவுகளுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஊடகமும் நம் பண்பாடும்'. டிவி விவாதத்துல இதைப் பத்து நிமிஷத்துல முடிச்சிடுவாங்க. என்னால முடியாது. அதனால ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கிறேன். ஜல்லிக்கட்டு. அதைப் புதுக்கோட்டையில பேசாம வேற எங்க போய்ப் பேசுறது?

வருஷத்தோட முதல் ஜல்லிக்கட்டு நம்ம கந்தர்வகோட்டைப் பக்கம் தச்சங்குறிச்சியில நடக்குது. யார் கும்பிடும் திருவிழாவுக்கு? மாதா கோயில் திருவிழாவுக்கு. விராலிமலையை எடுத்துக்குங்க, அது முருகன் ஊர். எந்தச் சாமியா இருந்தாலும் வாடிவாசல் ஒண்ணுதான். "இது ஒரு பிரிவினரோட மத அரசியல்"னு ஸ்டுடியோவில உட்கார்ந்து பேசுறவங்களை ஒரு தடவை தச்சங்குறிச்சிக்குக் கூட்டிட்டு வரணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

எங்க வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்றேன். 2014-ல எங்க கட்டுத்தறியில ஒரு காளை நின்னுச்சு. உழவுக்கு இல்லை, வண்டிக்கு இல்லை, வாடிவாசலுக்குன்னே வளர்த்தது. அந்த வருஷம் மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துச்சு. ஜல்லிக்கட்டு கூடாது. 2009-ல தமிழ்நாடு அரசு கொண்டுவந்த ஒழுங்குமுறைச் சட்டமும் செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. அப்பா ஒண்ணும் பேசலை. மறுநாளும் காலையில பருத்திக்கொட்டையும் தவிடும் வச்சாரு, குளத்துக்கு நீச்சலுக்கு ஓட்டிட்டுப் போனாரு. 2015 பொங்கல் வெறும் பொங்கலாப் போச்சு. 2016 ஜனவரி 7-ஆம் தேதி மத்திய அரசு அறிவிக்கை வந்து அனுமதின்னு சொன்னப்போ அப்பா புதுக் கயிறு வாங்கிட்டு வந்தாரு. 12-ஆம் தேதி அதுக்கும் தடை. அந்தக் கயிறு ரொம்ப நாள் உத்திரத்துலயே தொங்குச்சு.

அந்த ரெண்டு மூணு வருஷத்துல எங்க தெருவுல எத்தனை காளை அடிமாடாப் போச்சுன்னு நான் கண்ணால பார்த்தேன். வாடிக்கு ஓடாத காளைக்குத் தினமும் தீனி போட எந்தக் கூலிக்காரன் வீட்டுல வசதி இருக்கு? வியாபாரி வந்து நிப்பாரு. பக்கத்து வீட்டு அக்கா ஒண்ணு, தான் வளர்த்த காளையை வண்டியில ஏத்தினப்போ வீட்டுக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிச்சு. மிருகவதையைத் தடுக்கத்தான் தடைன்னாங்க. தடையினால கசாப்புக்குப் போன மாட்டை எடுக்க ஒரு கேமராவும் எங்க தெருவுக்கு வரலை.

ஊடகச் சாய்வுன்னு நான் சொல்றது இதைத்தான். எல்லாரும் நினைக்கிற மாதிரி அது பொய் சொல்றதுல இல்லை. பெரும்பாலும் பொய் சொல்ல மாட்டாங்க. எதைப் படம் எடுக்கணும், எதை எடுக்க வேண்டாம்னு முடிவு பண்றாங்க பாருங்க, அங்கதான் இருக்கு. வருஷத்துல ஒரு நாள் வாடிவாசல்ல தூசி பறக்குறது படம். மிச்ச 364 நாள் ஒரு பொம்பளைப் பிள்ளை காளைக்குப் பேர் வச்சு, குளிப்பாட்டி, தன் கஞ்சியில பங்கு வைக்கிறது படம் இல்லை.

அடுத்தது, வைக்கிற பேரு. வெளிநாட்டுப் பத்திரிகைகள் சிலது இதைக் 'காளைச் சண்டை'ன்னே எழுதுச்சு. ஸ்பெயின்ல நடக்குறது காளைச் சண்டை. அங்கே ஈட்டியும் வாளும் இருக்கு, கடைசியில மாடு செத்து விழும். இங்கே வீரன் கையில ஒண்ணும் கிடையாது. திமிலை மட்டும்தான் பிடிக்கணும். வாலைப் பிடிச்சா, கொம்பைப் பிடிச்சா வெளியே அனுப்பிடுவாங்க. பிடிபட்டாலும் படாட்டியும் சாயங்காலம் காளை தன் வீட்டுக்குப் போகும். ஒரு சொல்லை மாத்தி எழுதினாப் போதும், படிக்கிறவன் மனசுல நம்ம அப்பனும் அண்ணனும் கொலைகாரனாயிடுறான்.

சினிமாவையும் சொல்லணும். 'முரட்டுக்காளை' 1980-ல வந்தப்போ காளையை அடக்குறவன்தான் ஹீரோ. 2004-ல 'விருமாண்டி'யிலயும் அப்படித்தான். அதுக்கு முன்னாடி, 1956-லயே எம்.ஜி.ஆர். 'தாய்க்குப் பின் தாரம்' படத்துல காளையோட மோதிட்டாரு. கைதட்டினோம், தப்பில்லை. ஆனா யோசிச்சுப் பாருங்க, இந்தப் படங்கள்ல காளை யாரு? ஹீரோவோட வீரத்தைக் காட்டுற ஒரு சாமான். காளையை வளர்த்தவன் எங்கேயோ கூட்டத்துல நிப்பான். இப்போ படத்துல வர்ற காளை பாதி கம்ப்யூட்டர் காளை, மூலையில சின்னதா எழுதியும் போட்டுடுறாங்க. நகரத்துல பிறந்த பிள்ளைக்கு நியூஸ்ல வர்ற காளை ஒரு கொடுமை, சினிமாவுல வர்ற காளை ஒரு கிராபிக்ஸ். மூச்சு விடுற மாட்டை அது எங்க பார்க்கும்?

இதுவரைக்கும் கைதட்டினீங்க. இனிமே சொல்றதுக்குத் தட்டுவீங்களான்னு தெரியலை.

2019 ஜனவரி 20, விராலிமலை. 1,350-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிட்டு உலக சாதனைன்னு அறிவிச்சாங்க. நமக்கெல்லாம் நெஞ்சு நிமிர்ந்துச்சு. அதே நாள், அதே இடத்துல மாடு முட்டி ரெண்டு பேர் செத்தாங்க. ரெண்டு பேருமே களத்துல இறங்கினவங்க இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவங்க. அந்தச் செய்தியைப் போட்ட நிருபரை நம்ம பையன்கள் இணையத்துல திட்டினாங்க. நான் கேக்குறேன், அவர் எழுதினதுல என்ன பொய்? செத்தவனும் நம்ம ஊர்க்காரன்தானே? அவன் வீட்டுல அந்தப் பொங்கல் எப்படி இருந்திருக்கும்?

2017-ல மெரினாவுல ஜனவரி 17-ல ஆரம்பிச்சு இளைஞர்கள் உட்கார்ந்தாங்க. 21-ஆம் தேதி அவசரச் சட்டம், 23-ஆம் தேதி சட்டமன்றத்துல மசோதா. அந்த நாட்கள்ல வாட்ஸ்அப்ல என்னென்ன வந்துச்சு! நாட்டு மாட்டுப் பாலுல ஒரு மந்திரம், வெளிநாட்டுக் கம்பெனிச் சதி, இன்ன வியாதிக்கு இன்ன மாட்டுப் பாலுன்னு. நானும் அனுப்பினேன், மறைக்கலை. ஆதாரம் என்னன்னு ஒரு கால்நடை மருத்துவர் கேட்டப்போ பதில் சொல்லத் தெரியாம முழிச்சேன். ஊடகம் பாதி உண்மையைச் சொல்லுதுன்னு குறை சொல்ற நாம, கால் உண்மையைக்கூடச் சரிபார்க்காம அனுப்பலாமா?

நாம ஜெயிச்சது ஃபார்வர்டுல இல்லை. 2023 மே 18-ல அஞ்சு நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2017 சட்டம் செல்லும்னு தீர்ப்பு கொடுத்துச்சு. இது தமிழ்நாட்டுப் பண்பாட்டோட பகுதின்னு சட்டமன்றம் எடுத்த முடிவுல நீதிமன்றம் தலையிடாதுன்னு சொன்னாங்க. கூடவே இன்னொண்ணும் சொன்னாங்க, அதை நாம போஸ்டர்ல போடலை: விதிகளைக் கண்டிப்பா அமல்படுத்தணும். அதாவது மாட்டுக்கு மருத்துவப் பரிசோதனை, வீரனுக்குப் பரிசோதனை, ரெண்டடுக்கு வேலி, களத்துல தென்னைநார். இதுல ஒண்ணை நாம மீறினாலும் அதே கோர்ட்டுக் கதவைத் திறந்துவிடுறது நாமதான், வேற யாரும் இல்லை.

பாரம்பரியம்னா தொடவே கூடாதுன்னு பேசுற ஆள் நான் கிடையாது. இந்தப் புதுக்கோட்டை மண்ணுல 1886-ல பிறந்தவங்கதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறையை ஒழிக்கணும்னு சென்னை மாகாண சட்ட மேலவையிலேயே நின்னு போராடினாங்க. 1947-ல சட்டம் வந்துச்சு. அவங்க அம்மா அந்தக் குடும்பப் பின்னணியில இருந்து வந்தவங்க. உள்ளே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சு, அந்த வலியோட பேசினாங்க. எதைக் காப்பாத்தணும், எதைத் தூக்கிப் போடணும்னு உள்ளே இருக்கிறவன் முடிவு பண்ணணும். அப்படின்னா உள்ளே இருக்கிறவனுக்குத் தப்பைச் சொல்ற தைரியமும் இருக்கணுமே. முதல் மரியாதை யாருக்குன்னு சில ஊர்ல நடக்குற சண்டை, டோக்கன்ல நடக்குற சிபாரிசு, இதையெல்லாம் வெளியில இருந்து ஒருத்தன் வந்துதான் சொல்லணுமா?

வர்ற சீசனுக்கு ஒவ்வொரு ஒன்றியத்துலயும் பத்துப் பேர் வேணும். பேச்சாளர் வேண்டாம், வேலை செய்றவங்க. வேலிக்கு வெளியே நிக்கிற கூட்டத்தை, முக்கியமா மாடு ஓடி வந்து சேர்ற இடத்துல வேடிக்கை பார்க்க நிக்கிறவங்களை, ஒதுக்கி நிறுத்துறதுதான் வேலை. ஆம்புலன்ஸ் போற வழியில பைக் நிக்கக் கூடாது. ரெண்டாவது, இப்பவே ஆரம்பிங்க: உங்க தெருவுல காளை வளர்க்குற வீட்டுக்குப் போய், அனுமதி கேட்டு, தீனி வைக்கிறதை, மண் குத்தப் பழக்குறதை, காயத்துக்கு மருந்து போடுறதை ஃபோன்ல எடுங்க. பின்னணியில பாட்டுப் போடாதீங்க, தலைவர் படம் ஒட்டாதீங்க. மாடும் வீடும் தெரிஞ்சாப் போதும். உள்ளூர் நிருபர் யாராவது வந்தா டீ வாங்கிக் கொடுத்து கட்டுத்தறிக்குக் கூட்டிட்டுப் போங்க. அவர் எழுதுறது பிடிக்கலைன்னாலும் மரியாதையாப் பதில் எழுதுங்க.

எங்க அப்பா அந்தக் காளையை விக்கலை. 2017-ல வாடியில விட்டப்போ அதுக்கு வயசாகிப்போச்சு, ரெண்டு எட்டு ஓடிட்டு நின்னுடுச்சு. யாரும் பிடிக்கலை, பிடிக்கத் தோணலை. அப்பா போய்க் கயித்தைப் போட்டுக் கூட்டிட்டு வந்துட்டாரு.

தச்சங்குறிச்சியில பார்ப்போம். கட்சிக் கொடியை வண்டியிலேயே விட்டுட்டு வாங்க, ஃபோனுக்கு சார்ஜ் போட்டுட்டு வாங்க.